மேடைக்கு வந்த மணிபல்லவக் கடல்

நாடகம் பார்த்து வீடு திரும்பும்போது எதைப் பற்றிப் பேசுகின்றோம்? அரசனாக வந்தவரின் குரலைப் பற்றிப் பேசுகின்றோம், ஆடிய பெண்ணின் அபிநயத்தைப் பற்றிப் பேசுகின்றோம், மிருதங்கக்காரரையும் மறப்பதில்லை. பின்னே தொங்கிய திரையைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. காடு வேண்டிய இடத்திற் காடாகவும், தெரு வேண்டிய இடத்தில் தெருவாகவும் அது இரவு முழுவதும் நின்றிருக்கும். தான் நிற்பதைப் பிறர் உணராதபடி நிற்பதே நல்ல திரைக்கு அழகு.

அந்தத் திரை இன்று துணியால் ஆனதன்று, ஒளியால் ஆனது. கோயில் வீதியிலும் பாடசாலை மண்டபத்திலும் கறுப்புப் பலகைகளை அடுக்கி நிறுத்துகிறார்கள். விசையைத் தட்டியதும் பலகைகளெல்லாம் ஒரே படமாக ஒளிர்கின்றன. இந்த ஒளித்திரைக்கு வேண்டிய படங்களை ஆயத்தம் செய்வது சில ஆண்டுகளாக எமது வேலை. நாம் என்று எழுதுவது பெருமைக்காகவன்று. நாம் மூவர், ஒரே குடும்பம். ஒருவர் படம் பிடிப்பார். ஒருவர் கணினியில் அதை ஒழுங்கு செய்வார். ஒருவர் நிகழ்ச்சியன்று ஒளிமேசையின் முன் இருப்பார். பிறந்த மண் தீவகம். ஆகவே குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளத்துக்குக் காத்திருப்பதும் எமது தொழிலின் ஒரு பகுதியாகிவிட்டது.

இத்தொழில் யாது, அதில் என்ன நுட்பம், அதனால் எமது ஊருக்கு என்ன பயன் என்று கேட்கும் மாணவர்கள் பலர். அவர்களுக்காகவே இதை எழுதுகின்றோம்.

துணித்திரையும் மாய விளக்கும்

யாழ்ப்பாணத்து இசை நாடகத்துக்குச் சீன் என்பது உயிரான பொருள். பார்சி நாடகக் குழுக்களின் வழியாகத் தமிழகத்துக் கம்பனிகளுக்கு வந்த வர்ணத் திரைகள், அக்கம்பனிகளோடு கடல் கடந்து இங்கும் வந்து சேர்ந்தன. காடு, தெரு, அரண்மனை, மயானம் என நாலைந்து திரைகள் இருந்தால் எந்தக் கதையையும் நடத்திவிடலாம். காங்கேசன்துறை வசந்த கான சபாவின் வி. வி. வைரமுத்து அவர்கள் அரிச்சந்திரனாக மயானத்திற் பாடிய இரவுகளை நினைவுகூரும் முதியோர் இன்றும் உள்ளனர். அவர்கள் நினைவில் நிற்பது அந்தக் குரலேயன்றி, பின்னே வரைந்திருந்த சுடலைச் சீனன்று.

துணியில் வரைவதை விட்டு ஒளியால் வரையும் எண்ணமும் புதியதன்று. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஆண்டு 1658. அடுத்த ஆண்டே அவர்களது நாட்டில் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் என்ற அறிஞர், கண்ணாடியில் வரைந்த சிறு படத்தை விளக்கொளியாற் சுவரிற் பெரிதாக்கிக் காட்டும் மாய விளக்குக்குப் படம் வரைந்தார். மூன்று நூற்றாண்டுகள் கழித்து, 1958இல் பிரசெல்ஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், செக் நாட்டு மேடைக் கலைஞர் யோசெப் ஸ்வொபோடாவும் நெறியாளர் அல்பிரெட் ராடொக்கும் அதே மாய விளக்கின் பெயரைச் சூட்டி ஒரு நிகழ்ச்சியை அளித்தனர். அதிலே திரைப்படமும் உயிருள்ள ஆட்டக்காரரும் ஒரே மேடையில் ஒருவரோடொருவர் உறவாடினர்.

மறு ஆண்டு கல்கத்தாவில் நிகழ்ந்தது அதனினும் சுவையானது. ஒளியமைப்பாளர் தாபஸ் சென், 1959இல் ‘சேது’ என்ற வங்க நாடகத்தில் மேடை மீது புகையிரதம் வருவதாகவே சபையோரை நம்பவைத்தார். ‘அங்கார்’ என்ற நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கத்துள் வெள்ளம் ஏறுவதைக் காட்டினார். மேடையிற் புகையிரதமும் இல்லை, வெள்ளமும் இல்லை. விளக்கின் அசைவும் ஒலியும் மாத்திரமே இருந்தன. மீதியைச் சபையோரின் மனமே வரைந்துகொண்டது.

இந்த வரலாற்றை ஏன் சொல்கின்றோமெனில், மேடையில் வரும் படம் சினிமாவின் தம்பியன்று. அது விளக்கின் பிள்ளை. இதை மறந்தால் இத்தொழிலில் எல்லாம் பிழைத்துப்போகும்.

தீவகத்தில் வட்டக்களரியில் ஆடிப் பழகிய முதிய அண்ணாவியார் ஒருவரிடம், பெற்றோமக்ஸ் காலத்திற் களரிக்கு வெளிச்சம் வைத்த முறையை விசாரித்தோம். அவர் தந்த விடை இதுதான்:

“விளக்கு ஆட்டக்காரன்ரை முகத்துக்கு, பிள்ளையள். பாக்க வந்தவன்ரை கண்ணுக்கில்லை.”

நூறு பக்கப் பாடப்புத்தகம் சொல்வதை அவர் ஒரு மூச்சிற் சொல்லிவிட்டார். நாம் செய்யும் ஒவ்வொரு படத்தையும் அந்த வாக்கியத்தின் முன் நிறுத்தியே பார்க்கின்றோம்.

மீடியா சேர்வர் என்னும் பெட்டி

ஒரு முறை பாடசாலை ஒன்றில் அரிச்சந்திரன் கதை நடந்தது. ஒளித்திரையை வாடகைக்குத் தந்தவர்கள் தமது சாதாரணக் கணினியிலிருந்தே படங்களை ஓட்டினார்கள். மகனின் உடலை மடியிற் கிடத்திச் சந்திரமதி புலம்பும் கட்டம். சபை முழுவதும் கண் கலங்கியிருக்கின்றது. அப்போது மயானத்து நடுவானில், கணினியைப் புதுப்பிக்கலாமா என்று கேட்கும் அறிவிப்பு ஒன்று உதயமாயிற்று! சந்திரமதியாக நடித்த பிள்ளை திரும்பிப் பாராமற் பாடி முடித்தாள். அவளது திடசித்தத்தை மெச்சாதார் இல்லை.

இத்தகைய விபத்துகளைத் தவிர்க்கவென்றே பிறந்தது மீடியா சேர்வர். இதுவும் கணினிதான். ஆனால் மேடைக்குப் படம் வழங்குவதன்றி வேறு வேலை அதற்கில்லை. அதன் விசேஷம், ஒளியமைப்பாளரின் மேசையிலிருந்தே அதை இயக்கலாம் என்பது. 1986இல் அமெரிக்க மேடைத் தொழில்நுட்பச் சங்கத்தார் வகுத்த டி.எம்.எக்ஸ். 512 என்ற முறைப்படி, ஒரு கம்பி 512 வழிகளைச் சுமக்கும். ஒவ்வொரு வழியிலும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணை அனுப்பலாம். விளக்கொன்றுக்கு 0 என்றால் இருள். 255 என்றால் முழு வெளிச்சம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கற்றலிஸ்ற், ஹிப்போரைசர் முதலிய சேர்வர்கள் வந்தபோது, அதே எண்களாற் படங்களையும் அழைக்கும் வழி பிறந்தது. ஒரு வழியில் 5 என்று அனுப்பினால் ஐந்தாம் கோவை திறக்கும். அடுத்த வழியில் 12 என்றால் அக்கோவையின் பன்னிரண்டாம் படம் எழும். இன்னொரு வழி அதன் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும். படமும் விளக்குகளுள் ஒரு விளக்காயிற்று.

ஆகவே படங்களுக்கு ஒழுங்காக எண்ணிட்டுப் பெயரிடுவது முதற்பாடம். ‘கடல் புதியது’, ‘கடல் மிகப் புதியது’, ‘கடைசிக் கடல்’ என்றெல்லாம் பெயர் வைத்தால், நிகழ்ச்சியன்று இரவு அரசசபையிற் கடல் புகுந்துவிடும். ‘012 கோமுகி விடியல்’ என்பது போல, எண்ணும் இடமும் நேரமும் பெயரிலேயே இருக்கவேண்டும்.

ஆசிரியை கேட்ட கடல்

நாம் செய்தவற்றுள் எமக்கு மிகப் பிடித்தது, நடன ஆசிரியை ஒருவரின் ‘மணிமேகலை’ நாட்டிய நாடகத்துக்குச் செய்த படத் தொகுதி. கதையை வாசகர்கள் அறிவார்கள். புகாரில் உறங்கிக்கொண்டிருந்த மணிமேகலையை மணிமேகலா தெய்வம் எடுத்துச் சென்று மணிபல்லவத் தீவில் விடுகின்றது. அங்கே அவள் புத்தபீடிகையைக் கண்டு பழம்பிறப்பு உணர்கின்றாள். தீவதிலகை வழிகாட்ட, கோமுகிப் பொய்கையிலிருந்து வைகாசித் திங்களில் வெளிப்படும் அமுதசுரபியைப் பெறுகின்றாள். சாத்தனார் பாடிய அந்த மணிபல்லவமே எமது நயினாதீவு என்பது அறிஞர் பலரது கருத்து. நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் அத்தீவில் ஒரே கரையில் நிற்பதைக் காண்போருக்கு அக்கருத்தை ஏற்க மனம் தானே இசையும்.

ஆசிரியையோ சுருக்கமாகப் பேசுபவர்.

“பிள்ளையள், எனக்குக் கடல் வேணும். இணையத்திலை நிறையக் கிடக்கு, பாத்தனான். ஆனா அது எங்கடை கடலில்லை,” என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. விலைக்குக் கிடைக்கும் ஆயத்தப் படங்களிற் கடல் என்றால் நீல மலை போல எழுந்து விழும் பேரலை. கரை என்றால் வளைந்த தென்னை. புங்குடுதீவுக்கும் நயினாதீவுக்கும் இடைப்பட்ட கடல் அப்படியா இருக்கின்றது? ஆழங் குறைந்த பச்சை நீர். காற்று விழுந்த காலையிற் கண்ணாடி போலக் கிடக்கும். கரையெங்கும் தென்னையைவிடப் பனையே தலை நிமிர்ந்து நிற்கும். மணிமேகலை பாடிய புலவன் காட்டிய தீவு எமக்கு அயலில் இருக்க, வேற்றுச் சமுத்திரத்துத் தீவொன்றைப் பின்னே காட்டி எமது பிள்ளையை ஆடவைப்பது முறையாகுமா?

எனவே விடியலுக்கு முன்னரே கரைக்குச் சென்றோம். படம்பிடிக்கும் கருவியை முக்காலியில் நிறுத்தி, அசைக்காமல், நீரை மட்டும் எடுத்தோம். மேடைப் படத்துக்கு இது முக்கியமான விதி. சினிமாவிலே கருவி நடக்கும், திரும்பும், கிட்டப் போகும். மேடையில் அசையவேண்டியவள் ஆடுபவள். பின்னால் உலகம் சுழன்றால் அவளது மண்டி அடவு குலைந்தது போலத் தோன்றும், பார்ப்பவர்களுக்கும் தலைசுற்றும்.

நெடுந்தீவுக்கும் போனோம். அங்குள்ள முருகைக்கல் வேலிகளைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். சாந்தின்றிக் கல்லின் மேற் கல்லடுக்கிய அவ்வேலிகளை மாலை வெயிலில் எடுத்து, பாதிக்கு மேல் இருளாக்கி வைத்திருக்கின்றோம். எந்தக் கதையிலும் தெருவாகவும் மதிலாகவும் அவை நிற்கும். ஊர்காவற்றுறைக்கு எதிரே கடல் நடுவில் நிற்கும் கடற்கோட்டையைக் கரையிலிருந்து எடுத்த படம், ஒரு காலத்தில் அது சிறையாக இருந்த காரணத்தாற்போலும், சிறைக் காட்சிகளுக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

அளவும் காலமும்

இனி நுட்பத்துக்கு வருவோம். ஒளித்திரை, அரை மீற்றர் சதுரமான பலகைகளால் அமைவது. அடுத்தடுத்த ஒளிப்புள்ளிகளுக்கிடையே 3.91 மில்லிமீற்றர் இடைவெளி கொண்ட பலகையொன்றில் நெடுக்கில் 128, குறுக்கில் 128 புள்ளிகள் இருக்கும். 6 மீற்றர் அகலமும் 3 மீற்றர் உயரமும் உள்ள திரைக்கு அகலவாட்டில் 12, உயரவாட்டில் 6 என 72 பலகைகள் வேண்டும். அப்படியானால் திரையின் அளவு அகலத்தில் 1536 புள்ளி, உயரத்தில் 768 புள்ளி. மொத்தம் 11 இலட்சத்து 79 ஆயிரத்து 648.

இந்தக் கணக்கு ஏன்? கைத்தொலைபேசியும் தொலைக்காட்சியும் தரும் படம் 16க்கு 9 என்ற வீதத்தில் அமைந்தது. எமது திரையோ 2க்கு 1. முன்னதை அப்படியே இழுத்துப் பின்னதில் விரித்தால் முழுநிலா முட்டையாகும். கோபுரம் தொந்தி தள்ளி நிற்கும். ஆகவே திரையின் அளவை முன்கூட்டியே கேட்டறிந்து, அதே அளவிற் படத்தை வெட்டி ஆக்கவேண்டும். 3840க்கு 2160 அளவில் எடுத்த படமாயின் மேலும் கீழும் சிறிது நீக்கி 3840க்கு 1920 ஆக்கினால், அதைச் சுருக்கும்போது 1536க்கு 768 சரியாக அமையும். வட்டமும் கட்டமும் வரைந்த பரீட்சைப் படம் ஒன்றை முதலில் ஓட்டிப் பார்ப்பது எமது வழக்கம். வட்டம் வட்டமாகத் தெரிந்தபின்பே மற்றவை.

அடுத்தது காலம். இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆகையால், செக்கனுக்கு 25 படம் என்ற கணக்கில் எடுத்தால் மின்விளக்கின் கீழும் படம் துடிக்காது. கைத்தொலைபேசிகள் பல தாமாகவே 30 என்று வைத்துக்கொள்ளும். அதை மாற்றிக்கொள்வது நல்லது. இரண்டையும் கலந்தால் ஓடும் நீர் இடையிடையே திக்கித் திக்கி ஓடும்.

கடல் எவ்வளவு நேரம் தேவை? ஆசிரியையால் அதைச் சொல்ல முடியாது. பாடகி ஒரு சங்கதியை நீட்டினால் காட்சி நீளும். ஆகவே முடிவில்லாத கடல் வேண்டும். அதற்கொரு தந்திரம் உண்டு. 40 செக்கன் படத்தை நடுவே வெட்டி, பின்பாதியை முன்னும் முன்பாதியைப் பின்னுமாக மாற்றி வையுங்கள். இப்போது படத்தின் கடைசிக் கணமும் முதற்கணமும் இயற்கையில் அடுத்தடுத்து நிகழ்ந்தவை. எத்தனை முறை சுற்றினாலும் மூட்டுத் தெரியாது. நடுவே உண்டான புது மூட்டில் மட்டும் இரண்டு செக்கன் ஒன்றன்மேல் ஒன்று கரையவிட வேண்டும். 38 செக்கன் படம் விடியும்வரை ஓடும். ஆனால் அந்த மூட்டில் வள்ளமோ பறவையோ இருத்தலாகாது; இருந்தால் அது ஆவி போலக் கரைந்து மறையும்.

படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் முறையிலும் வேறுபாடு உண்டு. தொலைபேசியின் முறை, ஒரு கணத்துக்கும் அடுத்த கணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதிவைக்கும், இடம் மிச்சமாகும். ஆனால் நினைத்த கணத்துக்குத் தாவும்போது சேர்வர் முன்னையதையெல்லாம் கூட்டிப் பார்த்துத் திணறும். ஹாப், டி.எக்ஸ்.வி. முதலிய மேடை முறைகள் ஒவ்வொரு கணத்தையும் முழுப் படமாகவே வைத்திருக்கும். கோப்பு பெருக்கும், ஆனால் அழைத்த நொடியே வந்து நிற்கும். மேடையில் நேரந் தவறாமையே முதற்குணம்.

இவற்றினும் பெரியது ஒன்றுண்டு. பொய்கையிலிருந்து அமுதசுரபி எழும் காட்சியை ஒரே படமாகச் செய்துவிடலாம், பார்க்கவும் அழகாயிருக்கும். ஆனால் மணிமேகலையாக ஆடும் பிள்ளை, பொய்கையை வலம் வந்து கைகூப்பி நிற்பதற்குள் பாத்திரம் எழுந்துவிட்டால்? அல்லது அவள் கைகூப்பி நின்றும் பாத்திரம் எழாவிட்டால்? ஆகவே பொய்கையை ஓர் அடுக்காகவும், பின்னணி எதுவுமில்லாது பாத்திரம் மட்டும் உள்ள படத்தை மேலடுக்காகவும் வேறு வேறாகச் செய்தோம். ஒளிமேசையில் இருப்பவர் அவளது கையைப் பார்த்துக்கொண்டிருப்பார், கை கூடியதும் விசையை மெல்ல உயர்த்துவார், பாத்திரம் எழும். சினிமா எவருக்காகவும் காத்திராது. மேடைப் படமோ ஆடுபவளுக்காகக் காத்திருக்கக் கடமைப்பட்டது.

இருளின் பெருமை

புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் பிரகாசமான படத்தையே விரும்புவார்கள். கணினியில் அது கண்ணைப் பறிக்கும். மேடையிலோ 11 இலட்சம் விளக்குகள் ஒருங்கே எரிந்து, முன்னே நிற்பவளைக் கரிய நிழலுருவாக்கிவிடும். முகபாவம் எங்கே, விழி எங்கே என்று சபையோர் தேட நேரிடும். ஒளித்திரையிற் கருமை என்பது வர்ணமன்று, அணைந்த விளக்கு. ஆகவே படத்தில் எத்தனை பங்கு இருள் வைக்கின்றோமோ, அத்தனை பங்கு மேடையை ஆடுபவளுக்கு விட்டுக்கொடுக்கின்றோம். எமது விடியற் கடலில் மேற்பாதி முழுவதும் ஏறக்குறைய கருமை. கீழ்வானில் ஒரு மெல்லிய செங்கீற்று. நீரில் அதன் சாயல். அவ்வளவே. அவளது பட்டுச் சேலை சிவப்பு என்று அறிந்ததும் அச்செங்கீற்றையும் நீலமாக்கினோம். சிவப்பின் முன் சிவப்பு எடுபடாது.

தீவில் இந்த இருளுக்கு இன்னொரு பயனும் உண்டு. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு ஆகியவை நாட்டின் பொது மின்வலையோடு இணையாதவை; தீவிலேயே டீசல் மின்பிறப்பாக்கியால் ஒளி பெற்றுவந்தவை. இம்மூன்று தீவுகளிலும் சூரிய ஒளி, காற்று, மின்கலம் ஆகியவற்றைக் கூட்டி மின்சாரம் ஆக்குவதற்கான இந்திய நன்கொடைத் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மேடைக்கென நாம் கொண்டுசெல்வது தனி மின்பிறப்பாக்கி. பலகைகளையும் அதையும் குறிகட்டுவானில் லொறியிலிருந்து இறக்கி, வள்ளத்தில் ஏற்றி, மறுகரையில் மீண்டும் சுமக்கவேண்டும்.

திரை முழுவதும் வெண்மையாக எரிந்தால், பலகையொன்றுக்கு 150 வாற்று என்று கொண்டாலும், 72 பலகைக்கும் 10 கிலோவாற்றுக்கு மேல் வேண்டும். மூன்றில் ஒரு பங்கே ஒளிரும் படத்துக்கு மூன்றரை கிலோவாற்று அளவிற் போதும். ஆகவே படத்தை வரையும்போதே டீசலையும் வரைகின்றோம் என்று எம்முள் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சிறிய மின்பிறப்பாக்கி போதுமானால் வள்ளத்திற் பாரம் குறையும். பாடசாலையின் செலவும் குறையும். அழகுக்காகச் செய்த சிக்கனம் பணத்துக்கும் சிக்கனமாயிற்று.

படத்துக்குள் ஒரு பொறுப்பு

இதெல்லாம் ஓரிரவு நிகழ்ச்சிக்குத்தானே, இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்லும் விடை வேறு.

1990, 1991ஆம் ஆண்டுகளில் வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பகுதிகளைச் சேர்ந்த மக்களுட் பெரும்பாலோர் வீடு வாசலை விட்டுப் புறப்பட்டார்கள். புறப்பட்டவர்கள் நகையை எடுத்தார்கள், உறுதியை எடுத்தார்கள், சுவரில் தொங்கிய படத்தைக் கழற்ற எத்தனை பேருக்கு நேரம் இருந்தது? அவர்களுள் அநேகரின் பேரப்பிள்ளைகள் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் பரதம் பயில்கின்றார்கள். அரங்கேற்ற மேடையிலே பின்னால் ஒளித்திரை நிற்கும். ‘எமது ஊர்’ என்று அதிலே எதைக் காட்டுவது? பெரும்பாலும் எங்கோ எடுத்த தென்னங்கரை ஒன்றைக் காட்டுகின்றார்கள். ஆடும் பிள்ளையும் அதையே பாட்டியின் ஊர் என்று நம்பிக்கொள்கின்றது. குற்றம் பிள்ளையுடையதன்று, வேறு படம் அவர்களிடம் இல்லை.

அப்படியொரு குடும்பத்தார் நயினாதீவுக் கடலைக் கேட்டபோது அதே விடியற் படத்தை அனுப்பினோம். அரங்கேற்றம் முடிந்தபின் அவர்கள் எழுதிய கடிதத்தில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. கடலைப் பற்றி ஒரே வரி: பிள்ளையின் அம்மம்மா முன்வரிசையில் இருந்து, “தண்ணி அசையாமல் கிடக்கு, இண்டைக்குக் காத்து விழுந்துபோச்சு,” என்றாராம். படத்தைப் படமென்று அவர் சொல்லவில்லை. கரையில் நிற்பவர் சொல்வதையே சொன்னார். இதனினும் பெரிய பரிசு எமக்கு வேண்டியதில்லை.

இதனாலேயே எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் இடம், திகதி, நேரம் ஆகியவற்றை எழுதிவைக்கின்றோம். இரண்டு பிரதி செய்து இரண்டு வீடுகளில் வைக்கின்றோம். கோயிலுள் எடுக்குமுன் கோயிலாரிடமும், வீட்டுவளவில் எடுக்குமுன் வீட்டாரிடமும் கேட்கின்றோம். பிறர் எடுத்த படத்தை இணையத்திலிருந்து கேளாமல் எடுப்பதில்லை. மேடைக்கென்று சேர்த்தது நாளடைவில் ஊரின் ஏடாகிவிடும். ஏட்டிற் களவும் பொய்யும் கலத்தல் ஆகாது.

மாணவர்க்கு ஒரு சொல்

சேர்வரும் ஒளித்திரையும் எம்மிடம் இல்லையே என்று மாணவர்கள் சோரவேண்டாம். ஒரு காட்போட் பெட்டியின் உட்புறத்துக்குக் கறுப்பு மை பூசுங்கள். ஒரு பக்கத்தைத் திறந்துவைத்து, எதிர்ப்பக்கத்தில் ஒற்றைக் குமிழ் ரோச் ஒன்றைப் பொருத்துங்கள். அதன் முன்னுள்ள வில்லையைக் கழற்றிவிட வேண்டும். ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் தாளில் வர்ணத்தாற் பனைமரங்களை வரைந்து திறந்த பக்கத்தில் ஒட்டுங்கள். இருட்டறையில் வெள்ளைச் சுவருக்கு நேரே பிடித்தாற் சுவர் முழுவதும் பனங்கூடல் விரியும். வில்லையில்லாத இந்த விளக்கை ஜேர்மன் நாட்டு மேடைக் கலைஞர் அடோல்ப் லின்னபாக்கின் பெயரால் அழைப்பார்கள். நுணுக்கமான கோடுகள் மங்கிவிடும். பெரிய உருவங்களே தெளிவாக நிற்கும். அதற்கு முன்னே உங்கள் தங்கையை நிற்கச் செய்து, அவள் முகம் தெரியப் படத்தில் எவ்வளவு இருள் வேண்டும் என்று பாருங்கள். இக்கலையின் பாதி அங்கேயே வந்துவிடும்.

மறுபாதிக்கு ஒரு கைத்தொலைபேசி போதும். எதிலாவது சாய்த்துவைத்து, அசையாமல், உங்கள் ஊரின் ஓர் இடத்தை ஒரு நிமிடம் எடுங்கள்: குளக்கரை, கோயில் வீதி, பாட்டன் தோண்டிய கிணறு, எதுவாயினுஞ் சரி. பேசவேண்டாம், பாட்டுப் போடவேண்டாம். எடுத்ததும் இடத்தின் பெயரையும் நாளையும் எழுதிவையுங்கள். என்றோ ஒரு நாள் ஒரு பிள்ளை அதன் முன்னே நின்று ஆடக்கூடும்.